சுரங்கம் விழுங்கிய நீருக்கு ஈடு உண்டா? கர்நாடகத்தின் மாற்று ஈரநிலங்கள்

சுரங்கம், சாலை, தொழிற்சாலை போன்ற ஒரு திட்டத்தால் ஓரிடத்தில் ஏரியோ சதுப்போ ஓடைக்கரையோ அழியும்போது, அதற்கு ஈடாக இன்னோர் இடத்தில் புதிதாக உருவாக்கப்படும் நீர்நிலை மாற்று ஈரநிலம் எனப்படும். கெட்டுக் கிடந்த பழைய நீர்நிலையைச் சீரமைத்து ஈடாகக் காட்டுவதும் உண்டு. இதை நெடுங்காலமாகச் சட்டப்படி நடத்திவரும் நாடு அமெரிக்கா. அங்கு 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம், 404ஆம் பிரிவின் கீழ், ஈரநிலத்தில் மண் கொட்டுவதற்கு அனுமதி பெற வேண்டும் என்கிறது. அனுமதி கேட்பவர் முதலில் பாதிப்பைத் தவிர்க்க வழி தேட வேண்டும்; தவிர்க்க இயலாததைக் குறைக்க வேண்டும்; அதன் பின்னும் எஞ்சும் இழப்புக்கு மட்டுமே ஈடு செய்ய வேண்டும். இந்த வரிசை தலைகீழானால் மாற்று ஈரநிலம் என்பது அழிப்பதற்கான அனுமதிச் சீட்டாகிவிடும்.

இந்தியச் சட்டத்தில் இதற்கு நேரான ஏற்பாடு காடுகளுக்கு மட்டுமே உண்டு. 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டு நிலத்தை வேறு பயனுக்கு எடுப்பவர் மாற்று நிலம் கொடுத்து மரம் வளர்ப்பதற்கான செலவையும் ஏற்க வேண்டும். அந்தப் பணத்தைக் கையாள 2016இல் தனிச் சட்டமும் வந்தது. ஈரநிலத்தை இழந்தால் ஈரநிலமே ஈடாக வர வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. 2017ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகளோ, குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளைத் தம் வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. பெங்களூரின் ஏரிகளில் ஏறத்தாழ எல்லாமே மனிதர் கரை கட்டி உருவாக்கியவை. தென்னிந்தியப் பீடபூமியின் பெரும்பாலான ஏரிகளும் அப்படித்தான். மரத்துக்குக் கணக்கு இருக்கிறது, நீருக்கு இல்லை. கர்நாடகத்தின் சுரங்க வரலாற்றில் இந்தக் குறை திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் துங்கா, பத்ரா, நேத்ராவதி ஆகிய மூன்று ஆறுகளும் பிறக்கும் கங்காமூலாவுக்கு அருகே, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட குதிரேமுக் இரும்புத்தாது நிறுவனம் தாது வெட்டியது. 1976இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம் அது. பாறையை அரைத்துக் காந்தத்தால் இரும்பைப் பிரித்தெடுத்த பிறகு எஞ்சிய நுண்சேறு முழுவதும் லக்யா ஓடையின் குறுக்கே கட்டிய, சுமார் 100 மீட்டர் உயர அணைக்குள் கொட்டப்பட்டது. மழைக்காலத்தில் பார்ப்பவருக்கு லக்யா ஓர் அழகிய மலை ஏரி. நீருக்கடியில் இருப்பது மாவாக அரைத்த தாதுக் கழிவு. அந்தப் பள்ளத்தாக்கில் முன்பு புல்வெளியும் சோலையும் அவற்றின் மடிப்புகளில் ஊறிய சேற்றுநிலமும் இருந்தன. அவை மழைநீரைப் பிடித்து, கோடையிலும் சிறுகச் சிறுக ஓடைக்கு விட்டுவந்தவை. ஓடை மறைந்து நீர்ப்பரப்பு தோன்றிய இடத்தில், வரைபடக் கணக்குப்படி ஈரநிலம் கூடியிருக்கிறது. பத்ராவின் கணக்கில் அது இழப்பே.

பெங்களூரின் காட்டுயிர் அமைப்பான ‘வைல்ட்லைஃப் ஃபர்ஸ்ட்’டும் முன்னாள் வன அலுவலர் கே.எம். சின்னப்பாவும் தொடர்ந்த வழக்கில், 2002 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 2005 இறுதியோடு சுரங்கத்தை மூட உத்தரவிட்டது. வெட்டுவது நின்றது. நிரம்பிய லக்யா அணையும் படிகளாக வெட்டப்பட்ட குன்றுகளும் குதிரேமுக் தேசியப் பூங்காவின் நடுவில் அப்படியே நிற்கின்றன. அதே நிறுவனம் பல்லாரி மாவட்டத்துச் சண்டூரின் தேவதாரி மலையில் புதிய சுரங்கம் கேட்டபோது, குதிரேமுக்கின் வன விதிமீறல்களுக்கான கணக்கை முதலில் தீர்க்கட்டும் என்று 2024இல் கர்நாடக வனத்துறை அமைச்சர் ஈஸ்வர் கண்ட்ரே நிலத்தை ஒப்படைக்க மறுத்தார். சுரங்கம் மூடி ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஈட்டுக் கணக்கு முடியவில்லை.

பல்லாரி, சித்ரதுர்கா, தும்கூரு மாவட்டங்களின் கதை வேறு. அங்கே சுரங்கங்கள் பல, குத்தகைதாரர்கள் பலர், சட்டத்தை மதித்தவர்கள் சிலர். சட்டவிரோதச் சுரங்கங்கள் பற்றிய லோக்ஆயுக்தா சந்தோஷ் ஹெக்டேயின் அறிக்கை 2011 ஜூலையில் வெளிவந்தது. அந்த மாதமே உச்ச நீதிமன்றம் பல்லாரியில் சுரங்கத் தொழிலை நிறுத்தியது. அடுத்த மாதம் மற்ற இரு மாவட்டங்களிலும் நிறுத்தியது. 2013 ஏப்ரல் தீர்ப்பில் 49 குத்தகைகள் ரத்தாயின. மற்றவை மீண்டும் இயங்க வேண்டுமானால் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மறுசீரமைப்புத் திட்டத்தை நிறைவேற்ற வேண்டும் என்பது நிபந்தனை. மண் குவியலின் அடியில் தாங்குசுவர், ஓடைகளில் தடுப்பணை, வண்டல் தங்கும் குட்டை, சரிவுகளில் செடி என அந்தத் திட்டங்களில் நீரைப் பற்றிய பேச்சு முதல்முறையாகக் கட்டாயத்தோடு வந்தது. ஆனால் அவை எல்லாம் குத்தகை எல்லைக்குள் முடிந்துவிடும் வேலைகள். சேறு எல்லையை மதிப்பதில்லை. சண்டூர் மலைகளிலிருந்து சிவந்து இறங்கும் நீர் நாரிஹள்ளா நீர்த்தேக்கத்திலும் கீழுள்ள கிராம ஏரிகளிலும் வண்டலைக் கொட்டிவிட்டுப் போகிறது. எல்லைக்கு வெளியேயான சேதத்தைச் சரிசெய்யவே கர்நாடகச் சுரங்கச் சூழல் மறுசீரமைப்புக் கழகம் அமைக்கப்பட்டது. தாது விற்ற பணத்தில் ஒரு பங்கு அதற்காக ஒதுக்கப்பட்டு, 20 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டமாக வளர்ந்துள்ளது. தொகை பெரிது; சாலை, ரயில்பாதை, கட்டடம் என்று அது பிரியும்போது ஏரிகளுக்கு எவ்வளவு சேரும் என்பதே கேள்வி.

பெங்களூருக்கு அருகில் இரும்பு இல்லை; மணலும் கல்லும் உண்டு. ஆற்று மணல் கிடைப்பது அரிதானபோது கோலார், மாலூர், தேவனஹள்ளி, நெலமங்கலா பகுதிகளில் ‘ஃபில்டர் மணல்’ என்ற சட்டவிரோதத் தொழில் பெருகியது. ஏரிப்படுகையிலோ வயலிலோ மேல்மண்ணை வெட்டி, குழியில் கொட்டி, ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பாய்ச்சிக் கலக்குவார்கள். களிமண் கரைந்து வழிந்தோடும். அடியில் தங்குவதை அள்ளி லாரியில் ஏற்றுவார்கள். ஒரு லோடு மணலுக்காக மூன்று வகை நீர் அழிகிறது. நிலத்தடி நீர் கலக்குவதற்கே செலவாகிறது. நீரைத் தாங்கிப் பிடித்த களிமண் படுகை கிழிபடுகிறது. வழிந்தோடிய சேறு அடுத்த ஏரியின் வரத்துக் கால்வாயை அடைக்கிறது. இந்த மணலுக்கு மாற்றாக வந்த, கல்லை அரைத்துச் செய்யும் எம்-சாண்ட், ஏரியின் மேலிருந்த சுமையைக் குன்றுகளின் மேல் மாற்றிவைத்தது. நகரைச் சுற்றிய கல்குவாரிகள் ஆழமாகின. வேலை முடிந்த குழிகளில் பெல்லஹள்ளி, மிட்டகானஹள்ளி போன்றவை மாநகரின் குப்பைக் கிடங்காயின. ஈடு என்ற சொல் இந்தச் சிறு சுரங்கங்களின் ஆவணங்களில் பெரும்பாலும் இடம்பெறாது. ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்பதையே 2012இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இனி, புதிதாக ஒரு ஈரநிலத்தை உருவாக்க முடியுமா, உருவாக்கினால் அது என்ன வேலை செய்யும் என்பதைப் பார்க்க வேண்டும். இதற்குப் பெங்களூரிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. நகரின் வடக்கே, சுமார் 50 ஹெக்டேர் பரப்புள்ள ஜக்கூர் ஏரியின் தலைமாட்டில் குடிநீர் வாரியத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டரைச் சுத்திகரிக்கும் அளவில் கட்டப்பட்டது அது. அதிலிருந்து வெளிவரும் நீர் நேரே ஏரிக்குள் விழுவதில்லை. இடையில் சில ஹெக்டேர் பரப்பில் ஆளுயரத்துக்குச் சம்பு அடர்ந்து வளர்ந்த ஒரு சதுப்பு. அதன் ஓரங்களில் பொன்னாங்கண்ணி இனத்தைச் சேர்ந்த நீர்க்கொடிகள் படர்ந்து கிடக்கும். நீர் அங்கே நடை தளர்கிறது. மிதக்கும் துகள்கள் படிகின்றன. சம்பின் வேரைச் சுற்றிச் சிறிதளவு உயிர்வளி கசிவதால் அங்குள்ள பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. வேருக்குச் சற்று அப்பால், உயிர்வளி இல்லாத கருஞ்சேற்றில் வாழும் வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விடுகின்றன. பாஸ்பரஸ் மட்டும் எங்கும் போவதில்லை. சேற்றிலும் செடியிலும் தங்குகிறது. செடியை அறுத்து வெளியே எடுத்தால்தான் பாஸ்பரஸும் வெளியேறும். இந்திய அறிவியல் கழகத்தின் டி.வி. ராமச்சந்திரா குழு இந்த அமைப்பை ஆராய்ந்து, சுத்திகரிப்பு நிலையம், சதுப்பு, பாசி வளரும் ஏரி மூன்றும் அடுத்தடுத்து அமைந்ததே ஜக்கூரின் பலம் என்று காட்டியது; நகரின் மற்ற ஏரிகளுக்கும் அதையே பரிந்துரைத்தது. கோடையிலும் ஏரியில் நீர் நிற்கிறது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் நீர் ஊறுகிறது. மீன்பிடி நடக்கிறது. கூழைக்கடாக்கள் இறங்குகின்றன.

இதற்கு எதிர்முனை நகரின் தென்கிழக்கில் இருக்கிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளுக்குக் கழிவுநீர் எந்த வடிகட்டியுமின்றி வந்து சேர்ந்ததால், 2015இல் நுரை மலைபோல் எழுந்து சாலைக்கு வந்தது. 2017இல் பெல்லந்தூர் தீப்பிடித்து எரிந்தது. அந்த நீரே தென்பெண்ணையாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து ஓசூரின் கெலவரப்பள்ளி அணையில் மீண்டும் நுரைக்கிறது. ஈரநிலம் இருந்தால் அது செய்யும் வேலை என்ன, இல்லாவிட்டால் அதன் விலையை யார் கொடுப்பது என்பதை ஜக்கூரையும் கெலவரப்பள்ளியையும் சேர்த்துப் பார்த்தால் விளங்கும்.

ஆனால் ஜக்கூரைக் காட்டி, சுரங்கம் அழித்ததை இப்படி ஈடு செய்துவிடலாம் என்று வாதிடுவது பிழை. ஜக்கூரின் சதுப்பு, நீரில் கரைந்த சத்துகளை எடுப்பதற்கு ஏற்றது. சுரங்கத்திலிருந்து வருவது வண்டல். ஒரே மழைக்காலத்தில் இறங்கும் தாதுச் சேறு ஆழமற்ற சம்புக் காட்டை மூடிவிடும். ஈரநிலம் சில ஆண்டுகளில் மேடாகிப் புதர்க்காடாகும். ஆகவே சுரங்கப் பகுதியில் மாற்று ஈரநிலம் பிழைக்க வேண்டுமானால் அதற்கு மேலே வண்டல் தங்கும் ஆழமான குட்டைகள் வேண்டும். அவற்றை ஆண்டுதோறும் கோடையில், முதல் மழைக்கு முன், தூர்வார வேண்டும். கட்டுவது ஒருமுறைச் செலவு. தூர்வாருவது சுரங்கம் மூடிய பிறகும் தீராத செலவு. குத்தகைக் காலத்தோடு முடியும் எந்தத் திட்டமும் இங்கே உதவாது.

கைவிடப்பட்ட குவாரிக் குழியையே ஏரியாக்கலாம் என்பது அடிக்கடி கேட்கும் யோசனை. நீர் சேமிக்க அது பயன்படலாம். ஈரநிலமாக அது எளிதில் மாறாது. சம்பும் கோரையும் வேரூன்ற, நாரைகள் இரைதேட, மீன் முட்டையிட முழங்காலளவு, இடுப்பளவு நீருள்ள சரிந்த ஓரம் தேவை. குவாரிக் குழியின் பக்கங்கள் செங்குத்துப் பாறை. இறங்கிய சிறுவர்கள் ஏற முடியாமல் மூழ்கிப்போகும் அளவுக்குச் செங்குத்து. ஆழத்தில் தேங்கும் நீரில் உயிர்வளி குறைந்துவிடும். பாறையில் மண்ணும் இல்லை. குழி தோண்டும்போதே ஓரங்களைப் படிகளாக வெட்டி, நீக்கிய மேல்மண்ணைத் தனியே காத்துவைத்து, கடைசியில் அந்தப் படிகளில் பரப்பினால் நிலைமை மாறும். அதாவது ஏரியின் வடிவம் குவாரி தொடங்கும் நாளிலேயே தீர்மானிக்கப்பட வேண்டும். எல்லாம் வெட்டி முடித்துவிட்டு நீர் நிரப்புவது கண்துடைப்பு.

நீர் எங்கிருந்து வரும் என்பது இன்னொரு கேள்வி. 2018 ஜூன் முதல் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கிலிருந்து கோலார் மாவட்ட ஏரிகளுக்குக் குழாயில் போகிறது. நாளொன்றுக்கு 44 கோடி லிட்டரை 126 ஏரிகளுக்கு அளிப்பது முதல்கட்டத் திட்டம். தங்கச் சுரங்கம் 2001இல் மூடியதோடு பிழைப்பை இழந்த, தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாக வாழும் மாவட்டம் அது. பல ஆண்டுகள் வறண்டு கிடந்த ஏரிகளில் நீர் நின்றதை விவசாயிகள் வரவேற்றார்கள். இரண்டாம் நிலையோடு நின்றுவிடும் சுத்திகரிப்பு போதுமா என்ற எதிர்ப்பும் உடனே எழுந்தது. தொடங்கிய சில வாரங்களிலேயே லக்ஷ்மிசாகர ஏரியில் நுரை வந்தது. நெய்வேலியில் இதன் மறுபக்கம் தெரிகிறது. பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். அப்படி இறைத்த நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்க் கடலூர் மாவட்ட வயல்களை நனைக்கிறது. ஏரி நிறைந்திருக்கிறது, ஊர்க்கிணறுகளின் நீர்மட்டம் கீழே போயிருக்கிறது. பம்பு நின்ற மறுநாள் அந்த ஏரிகளுக்கு என்ன ஆகும் என்பது எந்த ஈட்டுக் கணக்கிலும் சேர வேண்டிய வினா. பம்பை நம்பி நிற்கும் நீர்நிலையை, மழையும் நீர்வரத்துக் கால்வாயும் காக்கும் நீர்நிலைக்குச் சமமாக எண்ணக் கூடாது.

மற்ற நாடுகளின் அனுபவமும் எச்சரிக்கையையே சொல்கிறது. புளோரிடாவின் பாஸ்பேட் சுரங்கப் பகுதியில் 1975 ஜூலைக்குப் பிறகு வெட்டிய நிலத்தை மீட்டெடுப்பது கட்டாயம். அழித்த ஈரநிலத்துக்கு அதே வகை, அதே பரப்பு திரும்ப வேண்டும். புல் வளரும் சதுப்புகள் ஓரளவு விரைவில் திரும்பின. மரங்கள் நிறைந்த சதுப்புக்காடுகள் திரும்புவது மிகக் கடினமாக இருக்கிறது. இழந்த ஈரநிலங்களின் பணிகளை ஈடு ஏற்பாடு முழுமையாகத் திருப்பித் தரவில்லை என்று அமெரிக்க தேசிய ஆய்வு மன்றம் 2001இல் முடிவுசெய்தது. கனடாவின் ஆல்பர்ட்டா எண்ணெய்மணல் சுரங்கத்தில், சுற்றியுள்ள மேட்டுநிலத்தையும் சேர்த்து வடிவமைத்து, வேறிடத்தில் வெட்டிய கரிச்சேற்றைக் கொண்டுவந்து பரப்பி, நிக்கனோட்டி என்ற சதுப்பு 2013இல் உருவாக்கப்பட்டது. அதன் பரப்பு மூன்று ஹெக்டேர்கூட இல்லை. அங்குள்ள இயற்கைச் சதுப்புகளில் கரிச்சேறு ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவிலேயே வளர்கிறது. ஒரு மீட்டர் சேர ஆயிரம் ஆண்டு. உலகெங்கும் 621 மீட்டெடுத்த, உருவாக்கிய ஈரநிலங்களின் தரவுகளைத் தொகுத்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு, நூறாண்டுக்குப் பிறகும் அவற்றின் உயிரின அமைப்பு இயற்கை ஈரநிலத்தைவிடச் சராசரியாக 26 சதவீதமும், கார்பன் சேமிப்பு உள்ளிட்ட வேதிச் செயல்பாடு 23 சதவீதமும் குறைவாக இருப்பதைக் கண்டது.

கர்நாடகத்திலும் ஈடே செய்ய முடியாத ஈரநிலங்கள் உண்டு. உத்தர கன்னட மாவட்டத்தின் சித்தாபூர் வட்டத்தில் கத்தலேகான் என்ற காட்டில், ஓடையோரச் சேற்றில் காட்டுச் சாதிக்காய் இன மரங்கள் மூச்சுவேர்களை வளையங்களாக வெளியே நீட்டி நிற்கின்றன. 2000ஆம் ஆண்டு அறிவியலுக்குப் புதிதாக அறிமுகமான ஒரு மர இனம் அந்தக் காட்டின் பெயரையே தாங்கியிருக்கிறது. இந்தக் காடுகளைப் பணமோ பரப்போ கொடுத்து வேறிடத்தில் வாங்கிவிட முடியாது. அவற்றின் விஷயத்தில் ஈடு என்ற பேச்சே எழக் கூடாது.

மனிதர் கட்டிய நீர்நிலை என்றாலே தாழ்ந்தது என்றும் கொள்ள வேண்டியதில்லை. சுரங்கப் பகுதிக்கு அருகே, விஜயநகர மாவட்டத்தில் உள்ள அங்கசமுத்திரம் பாசனத்துக்காக வெட்டிய பழைய ஊர் ஏரி. அதன் நடுவே நிற்கும் கருவேல மரங்களில் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் கூடு கட்டுகின்றன. 2024 ஜனவரியில் அது பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அந்த ஏரியை ஈரநிலமாக்கியவை கரை கட்டிய கை, இடையறாத நீர்வரத்து, தலைமுறை தலைமுறையாக மதகையும் கோடியையும் பார்த்துக்கொண்ட ஊர், அதற்கு மேல் நீண்ட காலம். இந்த நான்கில் ஒப்பந்ததாரர் விலைப்பட்டியலில் எழுதக்கூடியது முதலாவது மட்டுமே.

ஆகவே, கர்நாடகம் போன்ற ஏரி மாநிலத்தில் புதிய குழிகளை வெட்டி ஏரி என்று பெயரிடுவதைவிட, அறுந்துபோன ஏரித்தொடர்களை மீண்டும் இணைப்பதே பொருளுள்ள ஈடு. ராஜகாலுவே எனப்படும் பெருங்கால்வாய்கள் திறந்தால் மேலேரி நிரம்பிக் கீழேரிக்கு வழியும். பழைய படுகையில் மண்ணும் விதையும் காத்திருக்கின்றன. கணக்கும் மாற வேண்டும். ஹெக்டேருக்கு ஹெக்டேர் என்று அளக்காமல், அதே ஆற்றின் நீர்ப்பிடிப்பில், அதே வேலையைச் செய்யும் நீர்நிலை கிடைத்ததா என்று அளக்க வேண்டும். சுரங்கம் தோண்டத் தொடங்கும் முன்பே மாற்று நீர்நிலை உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். பராமரிப்புக்கான வைப்புத்தொகை குத்தகைக்குப் பிறகும் பூட்டிக் கிடக்க வேண்டும். அமெரிக்க விதி குறைந்தது ஐந்தாண்டுக் கண்காணிப்பு கேட்கிறது. வண்டல் நிறைந்த சண்டூருக்கு அது போதாது. பாசன ஏரிகளை ஈரநில விதிகளின் வரையறைக்குள் கொண்டுவருவது மத்திய அரசின் கையில் இருக்கிறது. குத்தகை நிபந்தனைகளில் நீரை எழுதுவது மாநில அரசின் கையில் இருக்கிறது. மறுசீரமைப்புக் கழகத்திடம் பணம் இருக்கிறது. அதிலிருந்து முதல் செலவு நாரிஹள்ளாவுக்கு மேலுள்ள ஓடைகளைத் தூர்வாரப் போக வேண்டும்.